பதினைந்தாவது கோது

ஷாப்பிங் மாலின் காண்ட்ராக்ட் எங்கள் செக்யூரிட்டி கம்பெனியின் கையைவிட்டுப் போனதும், வாசல்களில் நின்ற பெண் காவலர்களில் பாதிப்பேருக்கு விசா கேன்சல் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரேயொரு டியூட்டி. அபுதாபியில் ஒரு பெரிய அரபி வீடு. அந்த வீட்டுப் பெண்கள் கடைக்குப் போனாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனாலும், கூடவே போய்வர வேண்டும். எங்கள் கையில் ஆயுதம் எதுவும் தரப்போவதில்லை. ஆனாலும் வீட்டுக்காரர், கைத்துப்பாக்கி வகுப்பு முடித்த பெண்கள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். வசதி உள்ளவர்களுக்கு இப்படியும் ஆசை வரும். ஆறு பேரை வகுப்புக்கு எடுத்தார்கள். இடம் மூன்று பேருக்குத்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் எப்போதாவது ஆயுதம் கையாண்டிருக்கிறீர்களா? 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன்.

இலங்கையில் சண்டையின் கடைசி வருஷம், எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று வந்து என்னை இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு மாதமும் சில நாட்களும் இருந்தேன். அதை எங்கேயும் பதியவில்லை. அம்மாவையும் இன்னும் ஒருத்தியையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தால் விசா மட்டும் போகாது, ஊரில் வீட்டுக்கு விசாரிக்க ஆள் வரும். ஆகவே எனக்கு அந்த வகுப்பில் இரண்டு வேலை. தோற்கவும் கூடாது, ஏற்கெனவே சுட்டுப் பழகியவள் என்று பிடிபடவும் கூடாது.

வெடிச்சத்தம் கேட்டால் எனக்குத் திடுக்கிடாது. அது ஒரு பெரிய பிரச்சினை. என் ரூமில் இருந்த நேபாளப் பெண் நேர்மாறு. என்னைவிடப் பத்து வயது இளையவள், அக்கா என்ற அர்த்தத்தில் என்னை 'தீதீ' என்று கூப்பிடுவாள். குக்கர் விசில் அடித்தாலே அவளுக்குத் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். அவளும் ஆறு பேரில் ஒருத்தி. ஒரு வாரம் அவளைப் பார்த்துப் பார்த்துத் திடுக்கிடப் பழகினேன். கண்ணை மூட வேண்டும், கழுத்தைச் சுருக்க வேண்டும், பிறகு வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டும். சிரிப்புத்தான் வரவில்லை.

வகுப்பு நாளன்று கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“என்னக்கா, துப்பாக்கி சுடப் போறீகளாம்ல? பார்த்துக்கா, திரும்பி வரும்போது கோவத்துல என்னையச் சுட்டுப்புடாதீக.”

“ஏசியைக் கூட்டிவிடுங்கோ, யோசிக்கிறன்” என்றேன்.

சுடும் இடம் அல் அய்ன் வீதியிலிருந்து உள்ளே பிரிந்து, வெறும் மணலுக்கு நடுவில் இருந்தது. மூன்று பக்கமும் மணலைக் குவித்து மதில்போல உயர்த்தியிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, தண்ணீர்ப் பெட்டி, வரிசையாகக் காகித மட்டையில் வெட்டிய மனித உருவங்கள். குளிர்காலம்தான். ஆனாலும் ஒன்பது மணிக்கே கண் கூசியது.

பயிற்றுநர் இலங்கை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். பெயர்ப்பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தவர் என் இடத்தில் நின்று, “ஆ, லங்கா” என்றார். பிறகு என் பெயரை இன்னொரு தடவை வாசித்தார். அது தமிழ்ப் பெயர் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் குடித்தேன்.

காலையில் நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி தந்தார்கள். எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, விரலை எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லித் தந்தார். கைத்துப்பாக்கியை நான் உண்மையாகவே தொட்டதில்லை. இயக்கத்தில் எங்களுக்குத் தந்தது நீளத் துவக்கு, அதற்கும் முதல் இரண்டு மாதம் மரக்கட்டை. அதனால் கையில் பிழை தானாகவே வந்தது. அவர் திருத்தத் திருத்த எனக்கு நிம்மதி. ஆனால் குறிபார்க்கச் சொன்னதும் என் கன்னம் தானாகச் சரிந்து வலது தோளைத் தேடிப் போனது. நீளத் துவக்கின் பிடியில் கன்னத்தை வைத்துப் பழகிய பழக்கம். கைத்துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை. அவர் அருகில் வந்து, “தலையை நிமிர்த்து” என்றார். பிறகு ஒரு விநாடி கூடுதலாக நின்றார்.

பத்தரைக்கு உண்மையான துப்பாக்கி வந்தது. பிள்ளைகளோடு காவலுக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு என்பதால், பயிற்சியில் ஒரு பிள்ளையும் உண்டு. மணல் நிரப்பிய சாக்குக்குக் குழந்தைச் சட்டை போட்டு வைத்திருந்தார்கள். அதை இடது கையால் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, இரண்டடி பின்வாங்கி, “ஸ்டாப்” என்று கத்தி, அதற்குப் பிறகுதான் சுட வேண்டும். ஆளுக்குப் பதினைந்து வெடி. பத்து அந்த மட்டை உருவத்துக்குள் விழுந்தால் பாஸ்.

நேபாளப் பெண் முதல் வெடிக்கே சாக்கைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டாவதில் கண்ணை மூடினாள். ஆறு உள்ளே விழுந்தன.

என் முறை வந்தது. முதல் வெடிக்குப் பழகியபடி ஒழுங்காகத் திடுக்கிட்டேன். இரண்டாவதுக்கு மறந்துபோனேன். பத்தை உள்ளே விட்டேன். மிச்சம் ஐந்தையும் வெளியே விட வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் அதுவும் சந்தேகம் என்று, காதோரம் ஒன்று, தோளுக்கு மேலே ஒன்று, மணலில் ஒன்று எனப் பரப்பி விட்டேன். தவறவிடுவதற்கும் நல்ல குறி வேண்டும்.

துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டு மேசையில் வைத்தேன். சாப்பாட்டுக்குப் போகலாம் என்றார்கள். எல்லாரும் கொட்டகைக்கு நடந்தார்கள். நான் குந்திக்கொண்டு, வெடித்து வெளியே தெறித்த என் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

யோசித்துச் செய்ததில்லை. இயக்கத்தில் இருந்த காலத்தில் எங்களுக்குத் துவக்குக்குப் போடும் ரவை கிடைப்பதே அருமை. பயிற்சிக்குத் தந்தது ஐந்தே ஐந்து. ஐந்து சுட்டால் ஐந்து கோதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை சாப்பாடு இல்லை. அதனால் வெடித்து முடிந்ததும் கை தானாக நிலத்துக்குப் போய்விட்டது. பதினான்கைப் பொறுக்கி, உள்ளங்கையில் ஒரே பக்கமாக அடுக்கிவிட்டேன். ஒன்றைக் காணவில்லை. மணலை விரலால் கிண்டினேன். “தீதீ, கானா!” என்று நேபாளப் பெண் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். பதினான்கோடு என்னால் எழும்ப முடியவில்லை.

சப்பாத்துப் போட்ட கால் இரண்டு எனக்கு முன்னால் வந்து நின்றன.

“நங்கி, கீயத?” தங்கச்சி, எத்தனை என்று பயிற்றுநர் சிங்களத்தில் கேட்டார்.

“பதினாலு” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், எண்ணிப் பொறுக்கியதை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று விளங்கியது.

அவர் குனிந்து, என் ஜாக்கெட்டின் தொப்பி மடிப்புக்குள் விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துத் தந்தார். பதினைந்து. நான் இரண்டு கையாலும் எல்லாவற்றையும் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தகர வாளி ஒன்றைக் காட்டினார்.

“இஞ்ச யாரும் எண்ணுறது இல்லை” என்றார், உடைந்த தமிழில். பிறகு அட்டையில் செருகியிருந்த என் படிவத்தை எடுத்து, ஆயுதம் பற்றிய அந்தக் கேள்வியில் பேனையை வைத்துக்கொண்டு கேட்டார். “ஒரு நாள் இருந்தாலும்?”

அந்த வசனம் எனக்குத் தெரியும். சண்டை முடிந்து சனம் எல்லாம் வெளியே வந்த ராணுவச் சோதனைச்சாவடியில், ஒலிபெருக்கியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் எழும்பி வாங்க. இயக்கத்தில் கத்தரித்துவிட்ட தலைமயிரைத் துவாயால் மூடிக்கொண்டு, யாரோ ஓர் அம்மாவின் பிள்ளையை மடியில் வைத்தபடி நான் நிலத்தில் இருந்தேன். இயக்கத்தில் நான்கு மாதமும் என் பக்கத்தில் படுத்தவள் எழும்பினாள்.

“எழும்படி. சொல்லிப்போட்டுப் போவம். காலம் முழுக்கப் பயந்துகொண்டு இருக்கேலாது” என்றாள்.

நான் பிள்ளையின் தலையைத் தடவினேன். காவலுக்கு நின்றவன் அவளைக் காட்டி, இவளைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டான். தெரியாது என்றேன். அவள் என்னையும் பிள்ளையையும் பார்த்தாள். “ஓம், ஆளை மாறிப் பேசிப்போட்டன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

இரண்டு வருஷம் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு ஒரு விடுதலைக் கடிதத்தோடு வெளியே வந்தாள். இப்போது எங்கள் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால், “ஓம், இருந்தனான்” என்று சொல்லிக்கொண்டே துணியை வெட்டுவாளாம். அவள் ஒரு தடவை சொன்னாள், முடிந்துவிட்டது. நான் இன்னும் முடிக்கவில்லை.

“இல்லை, சேர்” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே பாஸ் என்று எழுதினார். கோதுகளை வாளியில் கொட்டிவிட்டுப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

மூன்று பேரில் நானும் ஒருத்தி. நேபாளப் பெண்ணுக்கு இடமில்லை, மாதக் கடைசியில் அவளுக்கு ஊருக்கு டிக்கெட். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

“தீதீ, நீ எப்படித்தான் சமாளித்தாயோ! எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையாகவே இதுதான் உனக்கும் முதல் தடவையா?” என்று இந்தியில் கேட்டாள்.

“முதல் தடவைதான்” என்றேன்.

உடனே நம்பினாள். என்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். காலையிலிருந்து எனக்குள் எதுவும் அசையவில்லை. அவள் நம்பியது மட்டும் வலித்தது.