சந்தேகமும் ஒரு பால் பாட்டிலும்

என் மனைவிக்கு ஆய்வகத்தில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். இறந்துபோனவர்களின் வயிற்றிலும் தட்டிலும் டம்ளரிலும் விஷம் இருந்ததா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வீட்டில் நான் சமைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். ஆனால் சோதனைக்கு வரும் குப்பிகளை ஒருநாளும் எண் சொல்லிப் பேசமாட்டாள். இன்று ஒரு லாரி டிரைவர் வந்தார் என்பாள், ஏதோ விருந்தாளி வந்ததுபோல.

அவளுடைய கருவியில் ஊசியால் ஒரு சொட்டை ஏற்றினால், அதில் கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து திரையில் மேடு மேடாக எழும். பூச்சிமருந்தின் மேடு எந்த இடத்தில் வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். சோதனைக்கு முன்னால் வெறும் கரைப்பானை ஒருமுறை ஓட்டவேண்டும். கோடு நேராகப் போனால் கருவி சுத்தம்.

ஒரு கைக்குழந்தை திடீரென்று இறந்தது. புகுந்த வீட்டார் தாய்மேலேயே பழியைப் போட்டார்கள். பால் பாட்டில் ஆய்வகத்துக்கு வந்தது. போலீஸ் அவசரப்படுத்தியதில் என் மனைவி கரைப்பானை ஓட்டாமல் நேராகப் பாலை ஏற்றிவிட்டாள். சின்னதாக ஒரு மேடு. பூச்சிமருந்து என்று போனில் சொன்னாள். அன்றே தாயைக் கைது செய்தார்கள்.

மறுநாள் கரைப்பானை ஓட்டியபோது அதே இடத்தில் அதே மேடு எழுந்தது. முந்தைய வழக்கின் விஷம் ஊசியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வேலை போனாலும் போகட்டும் என்று அதிகாரிமுன் போய் நின்றாள். அவர் கன்னாபின்னாவென்று திட்டினார். பிறகு போலீஸுக்குத் தானே போன் போட்டார்.

சீல் வைத்திருந்த மீதிப் பாலைப் புது ஊசியில் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். மேடே இல்லை. குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று பிரேதப் பரிசோதனையும் சொன்னது.

தாய் விடுதலையான அன்று கோர்ட் வராந்தாவில் என் மனைவி அந்தப் பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அடி விழப்போகிறது என்று பயந்து நான் பக்கத்திலேயே நின்றேன். மன்னிப்பு அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் குடுத்தது நல்ல பால்தானேம்மா?"

"நல்ல பால்தாம்மா. ஒரு குறையும் இல்ல. நானே பாத்தேன்."

"அப்போ பிள்ள வயிறு நெறஞ்சுதான் போயிருக்கு," என்றவள், அப்புறம்தான் அழத் தொடங்கினாள்.