அத்தை ஏறாத பாலம்

“ஃபெரியில போயிடலாம்லா, ஷாமினி.”

“இப்போ ஃபெரியில கார் ஏத்த மாட்டாங்க அத்தை. உங்களுக்கே தெரியும்.”

“நான் நடந்து ஏறித்தானே வந்தேன்? புள்ளையத் தூக்கிக்கிட்டு அப்படியே போறேன். மாப்பிள்ளை காரை ஓட்டிட்டு வரட்டும்.”

“ஒரு மாசப் புள்ள, வெயில் தாங்குமா?” என்றான் ஷாமினியின் கணவன் குணாளன்.

“அந்தப் பாலத்துக்கு வெயிலே தேவல. சிரிக்காதீங்க மாப்பிள்ளை. அவ்வளவு நீளத்துக்குச் சும்மா நிக்குமா அது?”

பினாங்குத் தீவில், ஷாமினியின் வீட்டில் நடந்த பேச்சு அது. குழந்தை முகுந்தனைத் தாய்வீட்டுக்கு, கடலுக்கு அக்கரையில் சிரம்பான் பக்கம் இருக்கும் பாரோய்க்கு, கொண்டுபோக வேண்டும். பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த பஞ்சாலை அத்தை எதையும் லேசில் நம்புகிறவர் அல்லர். பாரோய் பசாரில் கோழி வாங்கினால், தான் காட்டிய கோழியின் காலில் நூல் கட்டிவிட்டுத்தான் வெட்டக் கொடுப்பார். மாற்றிவிடுவார்களாம்.

அந்தப் பாலம் எழும்பியபோது அத்தை ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சிறுமி. தூண் நிற்கப் பிள்ளைத் தலை வேண்டும், பிடிக்க வேன் வருகிறது என்று தொழிலாளர் லயம் முழுக்கப் பேச்சு. பொழுது சாய்ந்தால் தோட்டக் கங்காணியான மண்டோரே பிள்ளைகளை வீட்டுக்குள் விரட்டுவார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தங்கராஜு காணாமல் போனான். அழுகை ஓய்வதற்குள், தெமியாங்கில் மாமா வீட்டில் இருந்தவனை அழைத்து வந்தார்கள். எல்லாரும் கட்டிக்கொண்டார்கள், அத்தை மட்டும் கிட்டே போகவில்லை. போன தங்கராஜு இடக்கைக்காரன். வந்தவன் வலது கையால் சாப்பிட்டான். மாமா அடித்துத் திருத்தியிருப்பார் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் இன்று சிரம்பானில் லாரி ஓட்டுகிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். கல்யாண வீட்டில் கண்டால் அத்தையின் கண் இன்னமும் அவர் கைக்குத்தான் போகும்.

கடைசியில், சிரிக்கிறவர்களை நம்பிப் பிள்ளையை அனுப்ப மனமில்லாமல் அத்தையும் காரில் ஏறினார். குழந்தையோடு ஷாமினியையும் பின்னால் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல். குழந்தை சிணுங்கியது. ஷாமினி குனிந்து பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அத்தையின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது.

“பேரச் சொல்லாதம்மா, பாலம் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கரை சேர்ற வரைக்கும் தங்கராஜுன்னு கூப்பிடு. அந்தத் தலைதான் அதுக்கிட்ட ஏற்கெனவே இருக்கே.”