ஐந்தரை மணி அழைப்பு

சென்ற ஆண்டு இலையுதிர் காலம். கனடாவின் மொன்றியல் நகரில், செயின்ட்-மிஷேல் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் பட்டிமன்றம். இளையோர் கைப்பேசிக்கு அடிமையாவதற்குப் பெரிதும் காரணம் பெற்றோரா, நண்பர்களா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் 'பெற்றோரே காரணம்' என்ற பக்கம் விழுந்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்வேன் என்ற செருக்கு எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

அப்பாவும் வந்திருந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். என் பேச்சைக் கேட்பதற்கென்றே முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்திருந்தார். மூன்றாம் வரிசை ஓரத்தில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே அமர்ந்திருந்தார்.

பேச்சின் உச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்தே எடுத்தேன். மாலை ஐந்தரைக்கு, இரவு உணவுக்கு ஆட்கள் வரத் தொடங்குமுன் கிடைக்கும் இடைவேளையில், அப்பா உணவகத்தின் பின்படிக்கட்டில் அமர்ந்து என் பதின்மூன்று வயதுத் தங்கையை வீடியோவில் அழைப்பார். உரித்துக் குவித்த வெங்காயத்தைக் காட்டுவார்; அவள் பள்ளியில் வரைந்ததைக் காட்டுவாள். எங்களுக்கெல்லாம் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் அவள், அந்தப் பதினைந்து நிமிடமும் தமிழில் கதைப்பாள். இவற்றை நான் மேடையில் சொல்லவில்லை. "ஒரு தந்தை தன் முகத்தைத் திரைக்குள் அடைத்து மகளின் கையில் கொடுக்கிறார். திரையைப் பார்க்கப் பழக்கியவர் அவரேயாக இருக்க, பிள்ளை அதை விடவில்லை என்று எவரிடம் முறையிடுவது?" என்று மட்டும் குரலை உயர்த்திக் கேட்டேன்.

மண்டபம் அதிர்ந்தது. "இவருக்கு இன்னும் ரெண்டு நிமிசம் குடுத்தா, இஞ்ச இருக்கிற அப்பாமார் எல்லாரும் எழும்பி ஓடிப்போடுவினம்" என்றார் நடுவர். அப்பாவும் சிரித்தார், கையும் தட்டினார். எங்கள் அணியே வென்றது. மெட்ரோவில் திரும்புகையில் அப்பா, "நல்லாக் கதைச்சனி, தம்பி" என்றதோடு சரி.

மறுநாள் முதல் ஐந்தரை மணி அழைப்பு வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மூன்று வாரம் கழித்துத் தங்கைதான் கேட்டாள்: "அண்ணா, அப்பா ஏன் இப்ப கோல் எடுக்கிறேல்லை? என்னோட கோவமோ?"

அவருடைய அடுத்த ஓய்வு நாளில் விசாரித்தேன். "நீ சொன்னது சரிதானே. நான்தான் அவளுக்கு அந்தப் பழக்கத்தைக் குடுத்தனான். விட்டா நல்லம் எண்டு நினைச்சன்" என்றார்.

"அது பட்டிமன்றத்துக்காகச் சொன்னது, அப்பா. எனக்கு விழுந்த பக்கத்தைப் பேசினனான்."

"அப்ப, நீ நினைக்காததையோ அவ்வளவு பேருக்கு முன்னால சொன்னனி?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தங்கை என்னிடம் கேட்டதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

அப்பா மீண்டும் அழைக்கத் தொடங்கினார். ஆனால் அந்த வெறுமையான வாரங்களில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அறிமுகமே இல்லாதவர்களின் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கத் தங்கை பழகியிருந்தாள். இப்போது அவர் அழைத்தால், "ஓம்", "இல்லை", "பேந்து கதைப்பம்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். எல்லாம் என்னால் வந்தது என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை, அண்ணா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மற்றவர்கள் என் பேச்சை ரசித்துவிட்டு வீடு போனார்கள், அப்பா ஒருவரே அதை நம்பினார். ஆகவே இன்று ஒவ்வொரு மேடையிலும், நான் சொல்வதை நம்பிவிடக்கூடிய ஒருவர் கீழே அமர்ந்திருப்பார் என்ற அச்சத்தோடுதான் வாய் திறக்கிறேன்.