பதினாலாம் நம்பர் என்ன செய்தான்?

போன சனிக்கிழமை பாரிஸ் லா சப்பலில், ஒரு மண்டபம் நிறைந்த ஆண்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நான் பிழை விட்டிட்டன்!" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் இதை இன்னும் நம்பவில்லை. இருபத்தியொரு வருடக் கலியாண வாழ்க்கையில் இந்த வசனத்தை அவர் ஒருமுறையும் கேட்டதில்லையாம். வீடியோ இருக்கிறதா என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டு திரிகிறார்.

சரி... முதலிலிருந்து சொல்கிறேன்.

போன கோடையில் எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டப் போட்டியைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். டிபென்ஸில் நிற்கும் பொடியன்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள் என்று நக்கலடித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதை மறக்காத ஒருவர் சிவா அண்ணை. ரூ பெர்தொனே என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், போட்டிக் குழுவின் தலைவர். இந்த வருடம் போட்டி தொடங்குவதற்கு முன்பே எனக்குப் போன் எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, எழுதிறது லேசு. இந்தமுறை டிபென்ஸ் பொடியளை நீர்தான் பாத்து மார்க்ஸ் போடவேணும்."

"எனக்கு உதைபந்து என்னண்ணை தெரியும்?"

"பிழை பிடிக்கத் தெரியுது தானே? அது காணும்."

மார்க்ஸ் எதற்கு? இங்கே எங்கள் கழகங்கள் எல்லாம் இலங்கையில் விட்டுவந்த ஊர்களின் பெயரில்தான் இருக்கின்றன. பொடியன் பாரிஸ் புறநகரில், செவ்ரானில் பிறந்திருப்பான். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான். அப்பாவின் ஊருக்கு எந்த றோட்டால் போவது என்றே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அப்பாவின் ஊர்க் கழகத்துக்குத்தான் விளையாடவேண்டும். மாறி விளையாடினால் அப்பா கலியாண வீடுகளுக்குப் போக ஏலாது!

இதற்கு முடிவு கட்டத்தான் சிவா அண்ணை அமெரிக்காவைப் பிடித்தார். அங்கே காலேஜில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் பொடியன்களைத் தொழில்முறை அணிகள் வருடாவருடம் மாறி மாறி, ஆளுக்கொருவராகத் தெரிவு செய்யும். அதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். இங்கேயும் அப்படியே. இருபத்திரண்டு வயதைத் தாண்டாத, படித்துக்கொண்டிருக்கும் பொடியன்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் இறக்கி மார்க்ஸ் போடுவது. எட்டுக் கழகத் தலைவர்கள் அந்த மார்க்ஸைப் பார்த்து மாறி மாறித் தெரிவு செய்வது. ஊர் பார்க்கக் கூடாது.

ஊர் பார்க்கக் கூடாது... எங்கள் ஆட்கள்! இந்தக் கூத்தைப் பார்க்காமல் விடுவேனா? உடனே ஓம் என்றேன்.

பிறகு படிப்பு தொடங்கியது. ட்ராஃப்டுக்கு முன்னால் அமெரிக்கர்கள் டிபென்ஸ் பொடியன்களை எப்படி எடை போடுகிறார்கள் என்று ஒரு கிழமையாக வீடியோ பார்த்தேன். பந்து முட்டை வடிவம், கையால்தான் எறிகிறார்கள், விதிகள் பாதி விளங்கவில்லை. ஆனால் விட்டு எழும்ப மனம் வரவில்லை! உயரம் அளக்கிறார்கள், ஓட்டம் அளக்கிறார்கள், எத்தனை பேரை விழுத்தினான் என்று எண்ணுகிறார்கள். கை நீளத்தைக்கூட அளக்கிறார்கள் — நாங்கள் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அவ்வளவு பார்ப்பதில்லை.

அதைப் பார்த்து நானும் ஒரு படிவம் தயாரித்தேன். எத்தனை தரம் பந்தைப் பறித்தான்? எத்தனை தரம் தலையால் அடித்தான்? எவ்வளவு தூரம் உதைத்தான்? ஆளுக்கொரு பக்கம், பத்துக்கு மார்க்ஸ்.

ஸ்தேன் என்ற புறநகரின் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொடியன்களை இரண்டு அணியாகப் பிரித்து இறக்கினார்கள். நல்ல மழைத் தூறல். குடையும் படிவமுமாக நின்றேன். ஐயோ, என்ன விளையாட்டு! ஒரு தடியன் தன் கோலடியில் நின்று உதைத்த பந்து மறுபக்கக் கோலியின் கைக்கே போனது. கரையில் நின்ற அப்பாமார் எல்லோரும் "அடிச்சு விடடா!" என்று துள்ளினார்கள். நானும் துள்ளினேன். அவனுக்கு ஒன்பது. இன்னொருவன் சேற்றில் சறுக்கிச் சறுக்கிப் பந்தைப் பறித்தான். அவனுக்கு எட்டு.

பதினாலாம் நம்பர்காரனின் பக்கம் வெறுமையாக இருந்தது. தொண்ணூறு நிமிடமும் அவன் வலது கரையில் மெல்ல இரண்டடி முன்னுக்கு, இரண்டடி பின்னுக்கு. பறிக்கவும் இல்லை, உதைக்கவும் இல்லை. "என்ன செய்கிறான்?" என்று எழுதி, பாவம் பார்த்து மூன்று போட்டேன்.

விளையாட்டு முடிந்ததும் அவனே என்னிடம் வந்தான். பெயர் குணா. வன்னியிலிருந்து வந்து மூன்று வருடம். கிழமை நாட்களில் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கிறான், சனி ஞாயிறுகளில் ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. அன்றைக்கு மட்டும் லீவு கேட்டு வந்திருந்தான்.

"அக்கா, எடுபடுவனோ?"

"பாப்பம் தம்பி."

"எங்கடை ஊருக்கு இஞ்சை கழகம் இல்லை அக்கா. அதாலை ஒருத்தரும் சேர்க்கேல்லை. மூண்டு வருசமா வெளியிலை நிண்டுதான் பாக்கிறன். வாற மாசம் எனக்கு இருபத்திமூண்டு. இந்தமுறை விட்டால் இனி இல்லை."

மனம் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் பரிதாபத்துக்கு மார்க்ஸ் போட்டால் ஊருக்கு மார்க்ஸ் போடுகிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? படிவங்களைப் படம் எடுத்து எட்டுத் தலைவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீதியாக நடந்துவிட்டேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டும் கொண்டேன்.

சனிக்கிழமை காலை. மத்தியானம் ட்ராஃப்ட். வீட்டுக்காரரின் ஷர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே பழக்கதோஷத்தில் இன்னொரு அமெரிக்க வீடியோவைப் போட்டேன். ஒரு நிபுணர், கரையில் காவல் நிற்கும் ஒரு காலேஜ் பொடியனைப் பற்றிப் பேசுகிறார். அவனுடைய கணக்கு மிகக் குறைவு. முழுப் பருவத்திலும் பந்தைத் தொட்டதே சில தரம். ஆனால் அவனைத்தான் முதல் இடத்தில் வைக்கிறார்! ஏன்? அவன் நிற்கும் பக்கம் எதிரணி பந்தையே எறிவதில்லையாம். எறிந்தால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்களாம்.

அயன் பெட்டியை ஷர்ட்டின் மேலேயே விட்டுவிட்டேன். ஓடிப்போய்ப் படிவங்களை எடுத்தேன். ஓரத்தில் கோல் கணக்கும் குறித்திருந்தேன். பதினாலாம் நம்பரின் அணிக்கு எதிராக விழுந்தது நான்கு கோல். நான்கும் இடது பக்கத்தால்! வலது பக்கத்தால் ஒன்றும் இல்லை. அட பாவி... அவன் ஒன்றும் செய்யவில்லை என்ற மாதிரி நான் எழுதியிருக்கிறேன். அவன் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

நாங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தானே? கலியாண வீட்டில் சாப்பாடு குறைந்துவிட்டால் பொறுப்பாக நின்றவரைப் பத்து வருடம் கதைப்போம். குறையாவிட்டால்? யார் பொறுப்பாக நின்றது என்றுகூடக் கேட்பதில்லை.

ஷர்ட் கருகிவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டு செவ்ரான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சிவா அண்ணைக்குப் போன் எடுத்தால் எடுக்கிறார் இல்லை. ரயில் என்றால் அன்றைக்குப் பார்த்து ஊர்கிறது. கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, ஐம்பது வயதில் நான் ஓடிய ஓட்டத்தை அந்த அமெரிக்கர்கள் அளந்திருக்க வேண்டும்!

மண்டபத்துக்குள் நுழையும்போது கடைசிச் சுற்று. மற்ற எல்லாக் கழகமும் தெரிவு செய்து முடித்து, ஒரே ஒரு இடம்தான் மிச்சம். தெரிவு செய்ய வேண்டியவர் ரமணன் என்ற கழகத் தலைவர். எழுந்து நின்று வாயைத் திறக்கிறார்...

அப்போதுதான் கத்தினேன்.

"நான் பிழை விட்டிட்டன்! பதினாலாம் நம்பர் குணாவுக்கு நான் போட்ட மார்க்ஸ் பிழை! அவன்தான் நல்ல டிபென்ஸ்!"

ரமணன் போனைத் திறந்து பார்த்தார். "அக்கா, உங்கடை பேப்பரிலை பதினாலுக்கு மூண்டு மார்க்ஸைத் தவிர ஒண்டுமே இல்லையே?"

"ஓம்! அதுதானே விஷயம்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அக்காவுக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்று யாரோ சொன்னார்கள். இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சுற்றிப் பார்த்தால், முன்வரிசையில் டிலான். அன்றைக்கு அந்த நான்கு கோலையும் அடித்த பொடியன், முதலாவதாகத் தெரிவானவன்.

"டிலான், முதல் பாதியிலை நீ குணா நிண்ட பக்கம்தானே விளையாடினனீ? ஒரு கோலும் இல்லை. பிறகு ஏன் மற்றப் பக்கம் மாறினனீ?"

டிலான் தோளைக் குலுக்கினான். பக்கத்தில் இருந்த அவனுடைய அப்பா முழங்கையால் ஒரு இடி விட்டார்.

"இல் எ தூஜூர் லா" என்றான். அவன் எப்போதும் அங்கேயே நிற்கிறான் என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "நான் போக முதல் அவன் அங்கை நிக்கிறான். அந்தப் பக்கம் வழி இல்லை" என்றான்.

சிரிப்பு நின்றது. நான்கு கோல் அடித்தவன் சொன்ன பிறகு யார் என்ன கதைப்பது? ரமணன் ஒருதரம் தலையைச் சொறிந்தார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

"பதினாலு! குணா எங்களுக்கு!"

ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஐயா ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவரும் குலுக்கினார்.

அங்கிருந்து நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். குணா குசினியில் நின்று கோழி வெட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டான்.

"எடுத்திட்டாங்கள் தம்பி. ரமணன்ரை கழகம்."

"அவையளுக்கு நான் எந்த ஊர் எண்டு தெரியுமோ அக்கா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

அப்படியே அரிசி மூட்டையில் இருந்துவிட்டான். பிறகு அழத் தொடங்கினான். நானும்தான்.

இந்தக் கிழமை உங்கள் வீட்டில் ஒரு கரைச்சலும் பிரச்சினையும் நடக்கவில்லையா? அப்படியென்றால் யாரோ ஒருவர் சரியான இடத்தில் நிற்கிறார்... பார்த்து மார்க்ஸ் போடுங்கள்!