சித்தப்பா மியூசியம் போன நாள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாம் கிளாஸ். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

சித்தப்பாவுக்கு ரெண்டு வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. ஸ்ரீவராகத்து வீட்டில் நாங்கள் பதினோரு பேர். அவரோடு உட்கார்ந்து பேச ஒருத்தருக்கும் நேரமில்லை. அவர் கையைப் பிடித்து அழைத்துப் போவது என் வேலை.

தினமும் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போவோம். சுவாமி அங்கே நீளப் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். முதல் வாசலில் முகம், நடுவில் தொப்புள் தாமரை, கடைசியில் பாதம். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

"முழங்கால் மடிச்சிண்டிருக்காரா, நீட்டிண்டிருக்காரா?" என்று சித்தப்பா கேட்பார்.

அந்த இடத்தில் சுவர். எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டேன். தினம் தரிசனம் பண்ணுகிறவர்கள்தான். யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லையே என்றும் யாருக்கும் இல்லை. சித்தப்பாவுக்கு மட்டும் இருந்தது.

மியூசியத்தில் மரத்தில் செதுக்கின பத்மநாபர் இருக்கிறார், தலை முதல் கால் வரை முழுசாக, என்று யாரோ சொன்னார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொம்மையைத் தடவி என்ன ஆகப்போறது?" என்றார் அப்பா.

சித்தப்பா ஒரு நாள் காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டார். நடந்தே போனோம்.

மியூசியம் வாசலில் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோவிலுக்குள் அப்படித்தான் போவார். காலேஜ் பையன்கள் சிரித்தார்கள்.

"சாமீ, இவிடெ பாயசம் இல்லா" என்றான் ஒருத்தன்.

"அப்புறம் நீங்கள்ளாம் எதுக்கு வந்தேள்?" என்றார் சித்தப்பா.

எனக்கு வெட்கமாக இருந்தது.

சிலை உள்ளே ஒரு மேடைமேல் இருந்தது. முன்னால் கயிறு. பக்கத்தில் பலகை. தொடக்கூடாது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். எனக்குப் பெருமை.

பாராக்காரர் வந்தார். சித்தப்பா விஷயத்தைச் சொன்னார்.

"ரூல் உண்டு சாமீ" என்றார் அவர். சித்தப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஞான் அந்த ஆனை எலும்புப் பக்கம் போயிட்டு வரேன் மோளே. வர நேரமாகும்."

பூட்ஸ் சத்தம் தூரமாகப் போயிற்று. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"என் கையை எடுத்து அதுமேல வைடீ" என்றார் சித்தப்பா.

"தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கே."

"அவர்தான் போயிட்டாரே."

"எழுத்து போகலையே" என்றேன்.

அவரே கை நீட்டியிருக்கலாம். எங்கே இருக்கிறது, எதைத் தட்டிவிடுவோம் என்று பயம். கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அப்புறம் கேட்கவில்லை. நான் தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முழங்காலையாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

பாராக்காரர் திரும்பி வந்தார். வரும்போதே பெரிதாக இருமிக்கொண்டு வந்தார்.

"கழிஞ்சோ சாமீ?" என்றார்.

"ஆச்சு. திவ்யமா ஆச்சு" என்றார் சித்தப்பா. "நீங்க க்ஷேமமா இருக்கணும்."

பாராக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசல் வரை கூட வந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தெரியும். பெரியவர் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று இருந்தது. பொய் சொல்கிறவர்களோடு சேரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையை விட முடியாது, வண்டி வரும். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவராகம் வரை அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தேன்.