புது ரூலொட்டும் நான் சொன்ன நொட்டைகளும்

என் கணவரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் சிரித்துக்கொண்டு கேட்பார். தலை வழுக்கையாகிறது என்றாலும், வயிறு முன்னால் போகிறது என்றாலும் கோபம் வராது. ஆனால் அவர் வாங்கிய ரூலொட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும், முகம் கறுத்துவிடும்.

ரூலொட் என்றால் காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு கைகழுவும் தொட்டி, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு கழிப்பறை. இருபது வருடமாக இத்தாலியில், பலெர்மோ நகரில் மற்றவர்களுடைய வீடுகளைத் துடைத்துவருகிற எனக்கு, துடைக்க இன்னொரு வீடு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். கோடை முழுக்க ஊரே கடலில் குளிக்க, இவர் உள்ளே நின்று கணவாய் மீன் துப்புரவாக்குவார். "ஒருக்காலெண்டாலும் நாங்களும் கடற்கரையில போய்ச் சும்மா இருக்க வேணும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு மாசி மாதம் வாங்கியேவிட்டார்.

எடுத்துவரப் போன அன்று நானும் கூடப் போனேன். விற்பனையாளர் பளபளவென்ற புத்தகம் ஒன்றை விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் என் பழக்கத்தில் அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடி, மேசையை அழுத்தி, மூலைகளில் விரல் ஓட்டிப் பார்த்தேன். இவர் என் காதருகே வந்தார்.

"தட்டித் தட்டிப் பாக்காதையும். மாடு வாங்க வந்த மாதிரிக் கிடக்கு."

"மாடெண்டா நீங்கள் பல்லையாவது பாத்திருப்பியள்" என்றேன். அவர் ஒரு கதவையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீடு வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். அங்கே ஸ்கூட்டரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும். ரூலொட்டை எங்கே விடுவது? மொண்டெல்லோவில் நான் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிற வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், பின்முற்றத்தில் விடச் சொன்னார். எண்பது வயது தாண்டியவர். லத்தீன் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தூசியையும் இலக்கணப் பிழையையும் ஒரே கண்ணால் பார்ப்பவர். என் இத்தாலியனில் ஒரு வினைச்சொல் தவறினால் அதைத் திருத்திய பிறகுதான் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்வார். அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: ஜெரேனியச் செடிகளில் சக்கரம் படக்கூடாது.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி வந்து ரூலொட்டுக்கு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு கையைக் கழுவ நீலக் குறி போட்ட குழாயைத் திறந்தேன். சுடுதண்ணீர் வந்தது.

"இஞ்சேருங்கோ, குழாய் மாறிக் கிடக்கு."

"அது புது முறை."

கட்டிலுக்கு மேலிருந்த ஆளியைப் போட்டேன். கழிப்பறையில் விளக்கு எரிந்தது.

"இதுவும் புது முறையோ?"

"படுத்துக்கொண்டே கழிப்பறை விளக்கைப் போடலாம். வசதிதானே" என்றார்.

மேசையின் ஒரு கால் கட்டை என்றேன். எந்த மேசையும் கொஞ்சம் ஆடும் என்றார். கரண்டி வைக்கிற இழுப்பறை பூட்டுவதில்லை, வழியில் வளைவு வந்தால் எல்லாம் கொட்டும் என்றேன். வளைவில்லாத வழியால் போவோம் என்றார். சிசிலியில் அப்படி ஒரு வழி எங்கே இருக்கிறதென்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் மூன்று நாள் விடாமல் மழை. மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால், யன்னல் ஓரத்து மெத்தையின் மூலை ஈரமாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"சுவாமி தெளிச்ச தண்ணியாயிருக்கும்" என்றார்.

"சுவாமி வந்து மூண்டு கிழமையாச்சு."

"ஆசீர்வாதம் லேசில காயாது."

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. தோட்டத்துக் குழாயை இழுத்து அவர் கையில் கொடுத்து, வெளியே நின்று யன்னலுக்கு மேலே அடிக்கச் சொன்னேன். உள்ளே மெத்தையைத் தூக்கிவிட்டு, டோர்ச் லைட்டோடு மூலையில் குந்தினேன்.

"வருகுதோ?"

"இன்னும் இல்லை."

"நான் சொன்னனே!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பின்னால் இன்னொன்று.

"வருகுது! வருகுது!"

"எங்கை?"

"என்ர முதுகில!"

அவர் நம்பவில்லை. வேர்வை என்றார். இடம் மாறினோம். அவர் உள்ளே போய்க் குந்த, நான் குழாயைப் பிடித்தேன். தேவைக்கு மேலே கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சற்று நேரத்தில் சேர்ட் தோளில் ஒட்ட வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரப்பர் கொஞ்சம் விலகியிருக்கு. அது மட்டுந்தான்" என்றார்.

விற்ற இடத்துக்கு மகள் போன் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். எங்களோடு தமிழும், கோபம் வந்தால் அசல் பலெர்மோ இத்தாலியனும் பேசுவாள். ஆடி மாதத்துக்கு முன் திருத்த நேரமில்லை என்று அவர்கள் சொன்னதும் அந்த இத்தாலியன் வந்தது. அதற்கும் பலனில்லை. கடைசியில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் சிலிக்கோன் பசை வாங்கிவந்து இவரே பூசினார். யன்னல் சட்டத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, எட்டு ஆணி இருக்கவேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தன. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே எண்ணிப் பார்த்தேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல். நான் சிஞ்ஞோராவின் உடுப்புகளை அயன் பெட்டியால் மினுக்கி முடித்திருந்தேன். இவர் முற்றத்தில் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக யன்னலால் மட்டும் எட்டிப் பார்த்துவந்த சிஞ்ஞோரா அன்று ஊன்றுகோலோடு இறங்கி வந்து, "எனக்கு உள்ளே காட்டமாட்டாயா?" என்று கேட்டார்.

கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்தேன். வெளியே காற்று. அது கதவை அறைந்து சாத்தியது. பிறகு நான் கைபிடியைத் திருகினேன், அசையவில்லை. வெளியிலிருந்து இவர் திருகினார், அதற்கும் அசையவில்லை.

"பயப்படாதேங்கோ. புதுசெண்டா இறுக்கமாத்தான் இருக்கும்" என்று இவர் வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

"கிழவியை வைச்சுக்கொண்டு உள்ளுக்கை இருக்கிறன். கெதியாத் திறவுங்கோ!"

"என்ன சொல்கிறார்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"கதவு நல்ல பலமான கதவு என்று சொல்கிறார்" என்றேன்.

திருகாணி கழற்றுகிற சாமான் பூட்டிய தோட்டத்து அறைக்குள் இருந்தது. அந்த அறையின் திறப்பு சிஞ்ஞோராவின் சட்டைப்பையில். யன்னலால் கொடுத்துவிட்டேன். இவர் தேடப் போக, நாங்கள் இருவரும் தனியே இருந்தோம்.

பதினொரு வருடமாக அந்த வீட்டில் வேலை. அவர் இருப்பார், நான் நிற்பேன். எதிரெதிரே நாங்கள் இருந்ததே இல்லை. ரூலொட்டில் வேறு இடம் கிடையாது. மேசைக்குக் கீழே எங்கள் முழங்கால்கள் முட்டின. என்ன கதைப்பது என்று தெரியாமல் எழுந்து தேத்தண்ணி வைத்தேன்.

சிஞ்ஞோரா வேலையைத் தொடங்கிவிட்டார். அலுமாரி விளிம்பில் விரல் ஓட்டினார். மேசையை அழுத்தினார்.

"இது ஆடுகிறது."

"எந்த மேசையும் கொஞ்சம் ஆடும், சிஞ்ஞோரா."

"சுடுதண்ணீருக்கு ஏன் நீலக் குறி?"

"இப்போது புது முறை அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து யாருடைய பேச்சு வருகிறதென்று எனக்கே விளங்கியது. இரண்டு மாதமாக நொட்டை சொன்னவள் நான். ஆனாலும் அது என் வீட்டு மேசை. அதை வேறொருவர் அழுத்திப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்தார். மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"நன்றாக இருக்கிறது. இஞ்சி போட்டாயா?" என்றார். என் வினைச்சொற்களை அன்று ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

அதற்குள் யன்னலில் இவருடைய தலை தெரிந்தது. பூட்டின் ஆணிகள் உள்பக்கத்தில் இருந்தன, சாமானை என்னிடம் தர மனமில்லாமல் தானே ஏறி வந்தார். தலை வந்தது, தோள் வந்தது. வயிற்றில் வந்து நின்றுவிட்டார். முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன். சிஞ்ஞோரா கோப்பையை வைத்துவிட்டு மற்றக் கையைப் பிடித்தார்.

"தலை வந்துவிட்டது. மிச்சம் கஷ்டமில்லை" என்றார், மருத்துவச்சி மாதிரி.

எனக்குச் சிரிப்பில் கை வழுகியது. மூன்றாம் இழுவையில் தொப்பென்று மெத்தையில் விழுந்தார். எழுந்து பூட்டைக் கழற்றினார். கதவுச் சட்டத்தில் பூட்டின் நாக்கு போய் விழுகிற தகடு ஒரு நெல்லளவு கீழே பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றி, துளையை அரத்தால் ராவி, மேலே தூக்கி முறுக்கினார். கதவு கிளிக் என்று பூட்டியது, கிளிக் என்று திறந்தது. ஐந்தாறு தரம் திறந்து பூட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓம். பிழைதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேசைக் காலும் பிழைதான். குழாயும் பிழைதான்."

அவருக்கு அப்படி ஒப்புக்கொள்வது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால் விளக்கு ஆளியைப் பற்றி மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

அடுத்த ஒரு மாதம் ஓய்வு நாளெல்லாம் அங்கேதான் இருந்தார். மேசைக் காலுக்குக் கீழே ரப்பர்த் துண்டு வைத்தார், குழாய்களை மாற்றிக் கொளுவினார், இழுப்பறைக்குக் கொக்கி போட்டார். எல்லாம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. நான் காணாத பிழையெல்லாம் இப்போது அவர் கண்ணுக்குத் தெரிந்தன. திரைச்சீலை ஒரு பக்கம் நீளம் என்றார். தரையில் ஏதோ கிறீச்சிடுகிறது என்று என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டார். நடந்து களைத்து, "இருக்கட்டும் விடுங்கோ, வீடெண்டா ஒரு சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமைகளில் மினுக்கல் முடிந்ததும் சிஞ்ஞோரா ஊன்றுகோலோடு வருவார். நான் தேத்தண்ணி வைப்பேன். அவர் யன்னல் பக்கம் இருப்பார்.

புரட்டாசியில் உணவகத்தில் கூட்டம் குறைந்ததும் திராபானிப் பக்கத்துக் கடற்கரை ஒன்றுக்குப் போனோம். எங்கள் முதல் லீவு. முதல்நாள் காலை நானும் மகளும் கடலுக்குப் போய், குளித்து, மணலில் காய்ந்து, பசியோடு திரும்பி வந்தோம். ரூலொட்டுக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, வியேனி, வாங்கோ! தண்ணி இளஞ்சூடா இருக்கு" என்று மகள் ஒரு காலைப் பிடித்து ஆட்டினாள்.

"ஒரு ஆணி தளர்ந்த மாதிரிக் கிடக்கு. ரெண்டு நிமிசம்" என்றது கீழிருந்து குரல்.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து மணலில் இழுத்தோம். யன்னலால் வந்ததைவிட லேசாக வந்தார்.