எலுமிச்சம்பழமும் டபுள் சால்கோவும்

வார்ம்-அப்புக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று போயிருந்தது. பாரதியின் இடது ஸ்கேட்டில் கரகரவென்று ஒரு சத்தம். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அந்த பேரிங்கை மாட்டியவன் நான்தான்.

திருப்பதியில் ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் மாநிலப் போட்டி. ஐஸ் கிடையாது, சிமெண்ட் தரை, நாலு சக்கர ஷூ. ஜம்ப் மட்டும் அதே ஜம்ப். நான் புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்து ஸ்கேட் ரிப்பேருக்கு மாறியவன். பாரதி நகரிக்காரி, வீட்டில் பவர்லூம். எல்லைத் தகராறு தீர்ந்து ஊர் ஆந்திராவோடு நின்று தலைமுறைகள் ஆகியும் அவளுக்கு வீட்டில் தமிழ், ரிங்க்கில் தெலுங்கு.

வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் நேஷனல்ஸ். நேஷனல்ஸ் ஆடினால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். சிங்கிள் ஜம்ப்பைச் சுத்தமாகப் போட்டால் மூன்றாவதோ நாலாவதோ வரலாம். டபுள் சால்கோ, அதாவது காற்றில் இரண்டு சுற்று, போட்டு நின்றுவிட்டால் மேலே. விழுந்தால் மார்க்கும் போகும், முட்டியும் போகும்.

என் தப்பைச் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் புது பேரிங் மாட்டி, பூஜை போட்டேன். லாரி வாங்கினாலும் மொபெட் வாங்கினாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் விடுவோமா? எட்டுச் சக்கரத்துக்கும் குங்குமம், ஸ்கேட்டுக்கு ஒரு பழம், மேலே ஓர் அழுத்து. திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். இடது ஸ்கேட்டில் சாறும் குங்குமமும் பேரிங்குக்குள் போய்ப் பிசினாகிவிட்டது. லாரி தாங்கும், காசு அளவு பேரிங் தாங்குமா? இத்தனை வருஷ மெக்கானிக்குக்கு அந்த புத்தி இல்லை.

அவசரமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினேன். மூன்று சக்கரம் சுற்றியது. உள்பக்க முன் சக்கரம் மட்டும் அடம் பிடித்தது. சால்கோவுக்கு எழும்புவதே அந்த உள்பக்கத்தின் மேல்தான். மாற்று பேரிங் புத்தூர் கடையில் இருந்தது. பாரதிக்கு முன்னால் இரண்டே பேர்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். வெட்கம்தான் காரணம். சொன்னால் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு சாக்கும் வைத்துக்கொண்டேன். பிறகு மனசு கேட்கவில்லை, போய்ச் சொன்னேன்.

"என் தப்பும்மா. எலுமிச்சம்பழச் சாறு உள்ள பூந்துகினு லெஃப்ட் வீல் ஒண்ணு சுத்தல. சால்கோ போடாத."

தெலுங்குக்காரரான கோச் மேடம், டபுள் வேண்டாம், சிங்கிள் போதும் என்று பதறினார். "டபுள் வத்தும்மா! சிங்கிள் சாலு!"

பாரதி என்னை முறைத்தாள். "இன்னாணா நீ! ஊறுகா போடவா வீல் குடுத்தேன்? ரைட்டு எப்டி கீது?"

"ரைட்டு ஜோரா சுத்துது."

"அப்ப டபுள் டோ-லூப் போட்டுக்கறேன்."

டோ-லூப் வலது காலில் எழும்பி வலது காலிலேயே இறங்குவது. இடது கால் முனையில் இருக்கும் ரப்பர் டோ-ஸ்டாப்பால் ஒரு குத்து குத்தினால் போதும். யோசனை சரிதான். ஆனால் ப்ராக்டீஸில் அதைப் போட்டுப் பாதி நேரம் விழுந்திருக்கிறாள்.

"விழுந்துட்டா?" என்றேன்.

"விழுந்தா எழுந்துக்கறேன். சிங்கிள் போட்டுகினு ஊட்டுக்குப் போறதுக்கா இத்தினி வருசம் வந்தேன்?"

மியூசிக் ஆரம்பித்தது. இடது கால் இழுக்க இழுக்கச் சமாளித்துக்கொண்டு போனாள். கடைசி மூலையில் திரும்பினாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

குத்தினாள், எழும்பினாள். ஒன்று... இரண்டு! வலது கால் தரையில் பட்டது. இடுப்பு சாய்ந்தது, கை தரைக்கு அருகே போனது. தொடவில்லை. நின்றுவிட்டாள்! நான் போட்ட கத்தலில் ஒரு ஜட்ஜ் திரும்பிப் பார்த்து முறைத்தார். இன்னொரு தரம் கத்தினேன்.

இரண்டாவது இடம்.

ஸ்கேட் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பழத்தை நசுக்க வேண்டுமென்றால் வந்த ஆட்டோவின் சக்கரத்தில் நசுக்குங்கள். குதிக்கலாமா வேண்டாமா என்பது குதிக்கிறவர் முடிவு. எந்தச் சக்கரம் சுற்றவில்லை என்று சொல்வது மட்டும்தான் நம் வேலை. அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பாரதி அந்தச் சக்கரத்தை நம்பித்தான் எழும்பியிருப்பாள்.